அத்தை கேன்டீனில் என் உத்தியோகம்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் உட்கார்ந்து செய்கிற வேலை அமைந்ததில்லை. அப்பா எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இரும்பு உருக்கி வார்க்கும் இடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தவர். அம்மா வீட்டில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். பரம்பரையிலேயே முதன்முதலாக மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவள் நான்தான். எனக்கு முன்னால் ஒரு தட்டை வைப்பார்கள். அதில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான்.

வேலை கொடுத்தவள் என் அத்தை, அப்பாவின் அக்கா. திருவொற்றியூரில் நான் படித்த பள்ளியில் அவள்தான் கேன்டீன் நடத்தினாள். கேன்டீன் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, உள்ளே இரண்டு அடுப்பு, வெளியே ஒரு நீள மேசையும் பெஞ்சும். சமோசா, மிளகாய் பஜ்ஜி, மசால் வடை, விரலில் மாட்டிக்கொண்டு கடிக்கிற கலர் அப்பளம் என்று எல்லாமே எண்ணெயில் குளித்து வந்தவை. காலையில் அடுப்பேறிய சட்டி சாயங்காலம் மணி அடிக்கும்வரை இறங்காது. எண்ணெய் கறுத்துப்போனால் அத்தை மேலே கொஞ்சம் புது எண்ணெயை ஊற்றுவாள். அதோடு பழையதும் புதிதாகிவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. எங்களுக்கும் அந்த நம்பிக்கையில் குறையில்லை. மணி அடித்ததும் ஓடிப்போய் வரிசையை இடித்துத் தள்ளி வாங்கித் தின்றோம்.

அந்த வருடம் பள்ளிக்குப் புதிதாக ஒரு ஹெச்.எம். மேடம் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவருடைய அண்ணன் தம்பிகள் தண்டையார்பேட்டையில் மளிகைச் சாமான்களை மொத்த வியாபாரம் செய்துவந்தார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே டாக்டர்களை வரவழைத்து எங்களை வரிசையில் நிற்க வைத்தார். கண்ணுக்குக் கீழே இழுத்துப் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், நகத்தை அமுக்கிப் பார்த்தார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் ரத்தம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் நாக்கை மிகவும் நன்றாக நீட்டியதாக எனக்கு ஞாபகம். அதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை போலிருக்கிறது, என் பெயரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

மறுநாளே ஹெச்.எம். கொட்டகைக்கு வந்து எண்ணெய்ச் சட்டியை எட்டிப் பார்த்தார். மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. இனிமேல் எண்ணெயில் பொரித்தது எதுவும் கூடாது, பிள்ளைகள் உடம்பில் ஒட்டுகிற மாதிரி ஏதாவது செய்து கொடுங்கள், ஆனால் விலை ஏறக்கூடாது என்றார். அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் சரிப்படவில்லை என்றால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னார். அந்த வேறு ஆள் ஏற்கெனவே வந்துபோயிருந்தார். பாக்கெட் பிஸ்கட்டும் பாட்டில் ஜூஸும் சப்ளை செய்கிறவர். கண்ணாடிக் கதவு போட்ட ஃப்ரிட்ஜ் ஒன்றை இலவசமாகவே கொண்டுவந்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் எல்லோரும் அந்த ஃப்ரிட்ஜுக்காகக் காத்திருந்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அத்தைக்குத்தான் தூக்கம் போனது. அத்தை வாழ்க்கைப்பட்டது பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தில். மாமா அவருடைய அப்பாவைப் போலவே சாயங்காலங்களில் தள்ளுவண்டியில் அத்தோ போட்டு விற்றவர். வெந்த நூடுல்ஸில் முட்டைக்கோஸும் வெங்காயமும் புளித்தண்ணீரும் விட்டுக் கையால் பிசைந்து தருகிற அந்த அத்தோவைச் சாப்பிடாத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆனால் மழைநீர்க் கால்வாய்க்காகச் சாலையைத் தோண்டிப் போட்டதில் வண்டி நிறுத்த இடமில்லாமல் மாமாவின் வியாபாரம் படுத்துவிட்டது. வாடகையிலிருந்து பிள்ளைகள் படிப்பு வரைக்கும் எல்லாம் இந்தத் தகரக் கொட்டகையை நம்பித்தான் இருந்தது. அதுவும் போனால் அவர்கள் குடும்பம் தெருவுக்குத்தான் வர வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அத்தை வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். அந்த நாட்களில் அப்பா வீட்டில்தான் இருந்தார். கம்பெனியில் லீவு விட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். இவ்வளவு நீளமான லீவை எங்கள் பள்ளிக்கூடம்கூட விட்டதில்லை என்பதால் எனக்கு அந்தக் கம்பெனிமேல் பெரிய மரியாதை வந்திருந்தது. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றியபடியே அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். அத்தை புதுப் புதுப் பலகாரமாகச் செய்து பார்க்கப் போகிறாளாம். பிள்ளைகளுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துகொள்ள ஒரு பிள்ளையின் நாக்கு வேண்டுமாம்.

“அக்கா ரொம்பப் பேஜாராயிகினு கீது. பாப்பாவத் தெனிக்கும் மத்தியானம் டேஸ்ட் பாக்க அனுப்ப முடியுமான்னு உன்னத்தான் கேக்கச் சொல்லுச்சி” என்றார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அம்மாவும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை. என் காதுகுத்தின்போது முதல் பந்தியில் அத்தையை உட்கார வைக்க அம்மா பக்கத்து ஆட்கள் மறந்துவிட்டார்கள். அத்தை சாப்பிடாமலே எழுந்து போய்விட்டாள். யார்மேல் தப்பு என்று எனக்குத் தெரியாது. என் காதுதான் புண்ணானது. அன்றிலிருந்து நாத்தனார் வீட்டுச் சோறு ஒரு பருக்கைகூட இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மா வைராக்கியமாக இருந்தாள். அத்தை தீபாவளிக்குக் கொடுத்தனுப்பிய அதிரசத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பியவள் அவள்.

அம்மா அரிசி டிரம்மைத் திறந்து பார்த்தாள், மூடினாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள். “ஒத்தாசன்னு வாய்வுட்டுக் கேட்டுட்டாங்க. இல்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? போய்ட்டு வரட்டும்.”

ஆக, கணக்குப்படி அது அம்மா அத்தைக்குச் செய்த உதவி. அம்மா அதைத் தலை நிமிர்ந்துதான் சொன்னாள். டேஸ்ட் பார்க்கிறவள் வயிற்றை நிரப்பிக்கொண்டு வரக்கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் மறுநாளிலிருந்து எனக்கு மதியத்துக்கு டப்பா கட்டுவதை அம்மா நிறுத்திவிட்டாள். மற்ற பிள்ளைகள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போக, நான் வெறுங்கையை வீசிக்கொண்டு ஆபீசர் மாதிரி போனேன்.

முதல் நாள் கேழ்வரகுக் கொழுக்கட்டை. தின்றுபார்த்து, சைக்கிள் டயர் மாதிரி இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன். சைக்கிள் டயரை எப்போது தின்றாய் என்று அத்தை கேட்கவில்லை. முகவாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டாள். அடுத்த நாள் முளைகட்டிய பயறு. ஈரச் சாக்ஸ் வாசனை வருகிறது என்றேன். அதற்கடுத்து முருங்கைக்கீரை போட்ட அடை வந்தது. அது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒன்றை வைத்து முடிவுக்கு வர முடியாது என்று சொல்லி இன்னொன்று கேட்டேன். அதையும் தின்றுவிட்டு, ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் முறுகலாக இருக்கலாமோ என்று சந்தேகமாக இருக்கிறது, எதற்கும் மூன்றாவதையும் பார்த்துவிடலாம் என்றேன். இரண்டு தரம் சாப்பிடாமல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை என்பது என் கொள்கை. அத்தை என் கொள்கையில் ஒருநாளும் குறுக்கிட்டதில்லை.

ஆனால் அவளுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. நான் உப்பு, காரம், மொறுமொறுப்பு என்று வரிசையாக எடுத்துச் சொல்லி முடித்ததும், தட்டை வாங்கிக்கொண்டே, “வயிறு ரொம்பிச்சா கண்ணு?” என்பாள். நாக்கைப் பற்றிக் கேட்க வேண்டியவள் வயிற்றைப் பற்றிக் கேட்கிறாளே, இவளுக்கு எப்படி வியாபாரம் பிடிபடும் என்று எனக்குக் கவலையாக இருக்கும். இன்றைக்கு அந்தக் கேள்வியை நினைத்தால் வயிறு குளிர்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வீட்டில் விருந்து சாப்பிட்டிருக்கிறேன். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படிக் கேட்டவர்கள் அதிகம் இல்லை.

கவலைப்பட்டது வீண்போகவில்லை, வியாபாரம் படுத்தது. பிள்ளைகள் வந்து சமோசா இல்லையா, பஜ்ஜி இல்லையா என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். கேட்டுக்கு வெளியே இருந்த பெட்டிக்கடையில் குர்குர் என்று சத்தம்போடும் பாக்கெட்டுகளைக் கம்பி வழியாகக் கைநீட்டி வாங்கித் தின்றார்கள். கொழுக்கட்டை வைத்த பாத்திரம் போனபடியே வீட்டுக்குத் திரும்பியது. மாமாவும் அத்தையும் ராத்திரிக்கும் அதையே சாப்பிட்டார்கள். அரையாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அத்தை என் அலுவலகத்தை விரிவாக்கினாள். “ஒன் ஒரு நாக்க வெச்சிகினு நான் இன்னாத்தக் கண்டுபுடிக்கறது? ஒன் கிளாஸ்ல டப்பா எடுத்தாராத புள்ளைங்க இருக்கும்ல, அதுங்களையும் இட்டுகினு வா” என்றாள். டப்பா கொண்டுவருகிறவர்களைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றாள். “வயிறு நெறஞ்சவன் பேச்ச நம்ப முடியாது. பசியில கீறவன் நாக்குதான் கரெக்டா சொல்லும்.”

எனக்கு அது அறிவியல் பாடம் மாதிரி பளிச்சென்று புரிந்துவிட்டது. அன்றே ஆள் எடுக்கக் கிளம்பினேன். எங்கள் பள்ளியில் சத்துணவு கிடையாது. ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பசிக்காது என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். என் பெஞ்சில் உட்கார்ந்த திவ்யாவின் அம்மா விடிவதற்கு முன்பே இறால் உரிக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவாள். மதியம் மணி அடித்தால் திவ்யா குழாயடிக்குப் போய் நெடுநேரம் தண்ணீர் குடிப்பாள். கேட்டால் எனக்கு மத்தியானம் பசிக்காது என்பாள். சந்தோஷ் என்று ஒருவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கச் சுவரோரமாக உலாத்திக்கொண்டிருப்பான். இப்படி எல்லா வகுப்பிலும் இருந்தார்கள், தேடத் தேடக் கிடைத்தார்கள். திவ்யா முதலில் வர மாட்டேன் என்றாள். சும்மா சாப்பிடக் கூப்பிடவில்லை, இது வேலை என்று விளக்கினேன். “இன்னா வேல, கஷ்டமா இருக்குமா?” என்று கேட்டாள். நாக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், பொய் சொல்லக் கூடாது என்றேன். அதற்குச் சம்மதித்தபிறகுதான் சேர்த்துக்கொண்டேன்.

புது ஆட்கள் என்னைவிடக் கறாராக இருந்தார்கள். கேழ்வரகுச் சேமியாவை வேகவைத்து உப்புமா செய்த அன்று மொத்தக் கமிட்டியும் ஒரே குரலில் அதைத் தள்ளுபடி செய்தது. தள்ளுபடி செய்ததையும் மிச்சம் வைக்காமல் தின்றிருந்தார்கள், அது வேறு விஷயம். வெந்த சேமியா இன்னொரு பாத்திரம் நிறையத் தாளிக்காமல் கிடந்தது. அத்தை அதைப் பார்த்தபடி தரையில் குந்திவிட்டாள். “போதும்யா. ஃப்ரிட்ஜிகாரனே வந்துட்டுப் போறான்” என்று மாமாவிடம் சொன்னாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

மாமா அதிகம் பேசாதவர். வண்டி நின்றுபோனதிலிருந்து கொட்டகையில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடைக்கு அரிந்து வைத்திருந்த முட்டைக்கோஸை ஒரு கை அள்ளிப் போட்டார். கேரட், வெங்காயம், புளித்தண்ணீர், பொட்டுக்கடலை மாவு, இடித்த மிளகாய் எல்லாம் போட்டார். பிறகு கையை உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கிப் பிசைய ஆரம்பித்தார். வாசனை கிளம்பியதும் கமிட்டி எழுந்து நின்றது. இது அத்தோ! கேழ்வரகில் போட்டதால் கறுப்பாக இருக்கிறது, மற்றபடி அத்தோவேதான்.

வருடக்கணக்கான பழக்கம் விடுமா? மாமாவின் இடது கை தானாக நீண்டு, தாளிக்க வைத்திருந்த எண்ணெயை அகப்பையில் மொண்டுவிட்டது. அத்தை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“எண்ண வாணாம்னு அந்தம்மா தலபாடா அடிச்சிகினு கீது!”

“எண்ண இல்லாம அத்தோவா? எங்கப்பன் கேட்டா வூட்ட வுட்டுத் தொரத்திருப்பாரு” என்றார் மாமா. அவர் அந்த வருடத்தில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

கடைசியில் ஒரு சின்ன ஸ்பூனுக்குச் சமாதானமானார்கள். அத்தோவின் மேல் நொறுக்கிப் போடுகிற பேஜோ என்னும் பொரித்த தட்டைக்குப் பதிலாக வறுத்த வேர்க்கடலையை இடித்துத் தூவினார் மாமா. சூப் இல்லாமல் அத்தோ கொடுப்பது குலத்துக்கே இழுக்கு என்று அவர் நினைத்ததால் மறுநாளே வாழைத்தண்டு சூப்பும் வந்தது. மார்க்கெட்டில் சல்லிசாகக் கிடைப்பது தண்டு. அதில் பாசிப்பருப்பையும் முருங்கைக்கீரையையும் அத்தை கரைத்துவிட்டாள். அத்தோ வண்டி வழக்கப்படி சூப்புக்குத் தனியாகக் காசு கிடையாது, கேட்கக் கேட்க ஊற்ற வேண்டும். மாமா ஊற்றிக்கொண்டே இருந்தார்.

அந்த வாரத்துக்குள் கறுப்பு அத்தோ என்ற பெயர் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. வரிசை மறுபடி சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டியது. கம்பி வழியாகக் கை நீட்டிய பிள்ளைகள் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சமோசா என்ற ஒன்று இருந்ததே மறந்துபோனது. அத்தை முகத்தில் ரத்தம் ஊறியது. டாக்டர்கள் வந்து பார்த்திருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்.

ஆனால் வந்தது வேறொரு வினை. கமிட்டிக்காரர்களான நாங்கள் பெஞ்சில் வரிசையாக உட்காருவோம். எங்களுக்குத்தான் முதல் தட்டு. நாங்கள் தின்று, தலையை ஆட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு விற்பனை ஆரம்பிக்கும். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் நின்றுகொண்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எப்படி இதில் சேருவது என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். டப்பா கொண்டுவராதவர்கள் மட்டும்தான் சேர முடியும் என்று நான் அடித்துச் சொன்னேன். அவ்வளவுதான், பள்ளியில் டப்பா என்பது அவமானச் சின்னமாகிவிட்டது. வீட்டில் கட்டிக்கொடுத்த சாம்பார் சாதத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றார்கள். ஒருவன் தயிர்சாதத்தைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டு வந்து, எங்கள் வீட்டில் சமைப்பதே இல்லை என்று சத்தியம் செய்தான். அவன் வீடு ஹோட்டலுக்குப் பின்னாலேயே இருந்தது, அவன் அப்பாதான் ஹோட்டல்காரர்.

புளித்துப்போன டப்பாக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அம்மாக்கள் கூட்டமாக வந்து கேட்டில் நின்றார்கள். கேன்டீன்காரி பிள்ளைகளை வசியம் செய்கிறாள், வீட்டுச் சோற்றைத் தொட மாட்டேன் என்கிறார்கள் என்று சத்தம் போட்டார்கள். ஹெச்.எம். அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, மதிய மணி அடித்ததும் ஸ்கேலும் கையுமாக நேராகக் கொட்டகைக்கு வந்தார். அத்தை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய கொட்டகை இந்த நிமிடத்தில் கைவிட்டுப் போகப் போகிறது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களை ஸ்கேலால் சுட்டி, இவர்கள் யார், ஏன் இவர்களிடம் மட்டும் காசு வாங்கவில்லை என்று கேட்டார். அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். பொறுப்பான பதவியில் இருக்கிறவள் சும்மா இருக்க முடியுமா? நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் விளக்கினேன். நாங்கள் டேஸ்ட் பார்க்கிறவர்கள். டப்பா கொண்டுவராத பிள்ளைகளை மட்டும்தான் எடுப்போம். வயிறு நிறைந்தவர்கள் சொல்வதை நம்ப முடியாது, பசியோடு இருக்கிறவர்கள் நாக்குதான் சரியாகச் சொல்லும். இது தெரியாமல் சில பேர் டப்பாவை ஒளித்துவைத்து ஏமாற்றுகிறார்கள், அவர்களைத்தான் மேடம் கண்டிக்க வேண்டும் என்று முடித்தேன்.

ஹெச்.எம். பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். திவ்யாவிடம் நின்று, “தெனமும் டப்பா கொண்டு வர மாட்டியாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல மிஸ். நான் வேல பாக்கறேன்” என்றாள் திவ்யா, சூப் டம்ளரைக் கீழே வைக்காமலே.

ஹெச்.எம். அத்தையைப் பார்த்தார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவர்கள் இரண்டு பேரும் எதற்காக இப்படிப் பேசாமல் நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு ஹெச்.எம். ஸ்கேலை மேசைமேல் வைத்துவிட்டு, திவ்யாவைத் தள்ளி உட்காரச் சொல்லி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். “எனக்கும் ஒரு தட்டு வைங்க. நானும் இன்னைக்கு டப்பா கொண்டு வரல” என்றார்.

அது சுத்தப் பொய். காலையில் அவருடைய அடுக்குக் கேரியரை ஆயாம்மா மாடிக்குத் தூக்கிப்போனதை என் கண்ணால் பார்த்திருந்தேன். பெரிய பதவியில் இருப்பவர்களே இப்படி விதியை மீறிக் கமிட்டிக்குள் நுழைந்தால் நாடு எப்படி உருப்படும் என்று மனம் வெதும்பியது. ஹெச்.எம். என்பதால் பேசாமல் விட்டேன். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டு, இரண்டாவது டம்ளர் சூப்பும் வாங்கிக் குடித்துவிட்டு, புளி கொஞ்சம் தூக்கல் என்றார். அத்தை அழுதாள். புளி தூக்கல் என்று சொன்னதற்கா இப்படி அழுவாள், நான் எவ்வளவோ மோசமாகச் சொல்லியிருக்கிறேனே என்று எனக்கு ஆச்சரியம்.

ஃப்ரிட்ஜ் வரவே இல்லை. டப்பா கொண்டுவருகிறவர்கள் டப்பாவைக் காலி செய்து காட்டிவிட்டுத்தான் கேன்டீனில் வாங்கலாம் என்று உத்தரவு வந்தது. டேஸ்ட் பார்க்கும் கமிட்டிக்கு ஆள் எடுக்கும் அதிகாரம் அத்தைக்கு மட்டும்தான், அதில் யாரும் தலையிடக் கூடாது என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். தண்டையார்பேட்டை குடோனிலிருந்து கேழ்வரகும் பருப்பும் அவர் தம்பி மூலமாக மொத்த விலைக்கே வந்து இறங்கின. விலை ஏறாமலே தட்டில் அவித்த முட்டைத் துண்டும் ஏறியது.

அரையாண்டு லீவு முடிந்து வந்ததும் நானே போய் அத்தையிடம் பேசினேன். எல்லாம்தான் சரியாகிவிட்டதே, இனி டேஸ்ட் பார்க்க ஆள் தேவைப்படாதே என்று கேட்டேன். அத்தை சிரித்தாள். “யார் சொன்னது? உப்பு தெனிக்கும் ஒரே மாரியா நிக்கும்? நீ இல்லன்னா என் பொழப்பு நாறிடும்” என்றாள். அந்தப் பெருமையில் அன்று கூட ஒரு தட்டு சாப்பிட்டேன்.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் அப்பாவின் லீவு முடிந்தது. பழைய கம்பெனிக்குப் பதிலாக மீஞ்சூர்ப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போக ஆரம்பித்தார். சம்பளம் வந்த அன்று ராத்திரி எங்கள் வீட்டில் மீன்குழம்பு மணத்தது. மறுநாள் காலையில் அம்மா எலுமிச்சை சாதம் கிளறி, மேலே ஒரு முட்டையை வைத்து டப்பாவை அமுக்கி மூடி என் பையில் வைத்தாள். வேண்டாம், கமிட்டியில் சேர்க்க மாட்டார்கள் என்று நான் கத்தியது அவள் காதில் ஏறவில்லை.

மதியம் அத்தை என் கையில் டப்பாவைப் பார்த்தாள். வாங்கித் திறந்து முகர்ந்தாள். மூடித் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “இனிமே நீ டேஸ்ட் பாக்க வரவாணாம் கண்ணு. போயி மரத்தாண்ட குந்திகினு ஒன் அம்மா கட்டினத துன்னு” என்றாள். எந்த விசாரணையும் இல்லாமல், நிற்கிற இடத்திலேயே எனக்குச் சீட்டுக் கிழித்துவிட்டாள். நான் வேலைக்குச் சேர்த்துவிட்ட திவ்யா பெஞ்சில் உட்கார்ந்து தட்டோடு என்னையே பார்த்தாள். அவள் வேலை மட்டும் போகவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் விக்கி விக்கி அழுதேன். நீ டப்பா கட்டியதால்தான் எனக்கு வேலை போனது என்று அம்மாவைத் திட்டினேன். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அம்மா நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு என்னோடு பள்ளிக்கு வந்தாள். என்னை வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டு நேராகக் கொட்டகைப் பக்கம் நடந்தாள். காதுகுத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று நான் பார்த்ததில்லை. நான் போகாமல் சைக்கிள்களுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பேசுவது கேட்கவில்லை. அத்தையின் மாவுக் கைகள் இரண்டையும் அம்மா சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் ஏதோ சொல்லச் சொல்ல, அத்தை வேண்டாம் வேண்டாம் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். திடீரென்று குனிந்து அத்தையின் காலைத் தொடப்போனாள். அத்தை பதறிப்போய் அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள்.

எனக்காக அம்மா இவ்வளவு தூரம் இறங்கிவந்து சிபாரிசு செய்கிறாளே என்று முந்தின நாள் அவளைத் திட்டியதையெல்லாம் மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஆனால் அத்தை இளகவில்லை. கடைசிவரைக்கும் தலையை ஆட்டி மறுத்தேவிட்டாள். காலைத் தொட்டுக் கேட்டும் ஒரு சின்ன வேலையைத் திருப்பித் தராதவளிடம் இனி என்ன பேச்சு என்று முடிவு செய்தேன். அன்று மதியம் மரத்தடியில் உட்கார்ந்து, அந்தக் கல்நெஞ்சக்காரி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், அம்மா கட்டிக்கொடுத்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தேன்.